நானூறு மில்லி செகண்டு

செவ்வாய்க்கிழமை காலை. ஓட்ஸ் கஞ்சியின் நடுவில் வைத்த வெண்ணெய் இன்னும் முழுதாக உருகவில்லை. எஸ்கோ கொர்த்தெலைனன் மின்னஞ்சலைத் திறந்தார். படித்துவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தார். அன்று அவர் கஞ்சி சாப்பிடவே இல்லை.

அவருக்கென்று தனியாக வந்த கடிதம் அல்ல அது. சில்டா குழுவின் பொது மடல். உலகம் முழுவதும் ஆயிரத்து நானூறு பேருக்குப் போயிருந்தது. எழுதியவள் செக் நாட்டு யிட்கா. சில்டாவின் மென்பொருளை இப்போது பராமரிப்பவள் அவள்தான்.

"புதிய பதிப்புக்காகப் பழைய வரிகளைத் துப்புரவு செய்கிறேன். 1187-ஆம் வரியில் ஒரு விநோதம். பதிலுக்கு நூறு மில்லி செகண்டு காத்திருந்தால் போதும் என்கிறது நம் விதி. இந்த வரி நானூறு காத்திருக்கிறது. பக்கத்தில் 'தற்காலிகம்' என்று ஒரே ஒரு சொல். எழுதியவர் எ. கொர்த்தெலைனன், மார்ச் 2006. காரணம் யாருக்காவது தெரியுமா? மறுப்பு இல்லையென்றால் வெள்ளிக்கிழமை நண்பகல் நீக்கிவிடுகிறேன்."

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த ஆள் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

விளக்கை ஒரு கம்பெனியிலும் ஸ்விட்சை இன்னொன்றிலும் கதவுப் பூட்டை வேறொன்றிலும் வாங்கினாலும், வீட்டுக்குள் வந்தபின் எல்லாம் ஒன்றோடொன்று பேச வேண்டும். அதற்காக ஏற்பட்ட பொது மொழிதான் சில்டா. எஸ்கோவின் மொழியில் பாலம் என்று பொருள். அது யாருக்கும் சொந்தமில்லை. விதிப் புத்தகத்தையும் மென்பொருளையும் யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம், வீட்டுச் சாதனங்களை இணைக்கும் தன் பெட்டியில் போட்டுக்கொள்ளலாம், திருத்தம் சொல்லலாம்.

சில்டாவில் ஓட்டெடுப்பு கிடையாது. ஒருவர் ஒரு வரியை மாற்றப் போகிறேன் என்று அறிவித்தால் எழுபத்திரண்டு மணி நேரம் காத்திருப்பார்கள். யாரும் வாய் திறக்கவில்லையென்றால் நிறைவேறிவிட்டது என்று அர்த்தம். மறுப்பவர் காரணம் சொல்லியாக வேண்டும். காரணமில்லாத மறுப்பை யாரும் மதிக்கமாட்டார்கள். இந்த வழக்கத்தை ஏற்படுத்தியவர்கள் எஸ்கோவின் ஊரான ஓலு நகரத்துக்காரர்கள். பஸ் நிறுத்தத்தில் ஆளுக்கு ஆள் இரண்டு மீட்டர் தள்ளி நிற்கிற ஊர். பக்கத்து வீட்டுக்காரர் படிக்கட்டில் இறங்கும் சத்தம் கேட்டால், அவர் போய்ச் சேரட்டும் என்று கதவுக்குப் பின்னால் காத்திருக்கிற ஊர். 'உங்கள் ஊரில் இப்படி ஒரு விதி இருந்தால் எதை வேண்டுமானாலும் நிறைவேற்றிவிடலாமே' என்று ஜெர்மானியர்கள் அப்போதே கேலி செய்தார்கள்.

எஸ்கோ வாய் திறக்காவிட்டால் வெள்ளிக்கிழமை நண்பகல் அந்த வரி போய்விடும். ஒரு மாதத்துக்குள் வீடு வீடாக இருக்கும் பெட்டிகள் புதிய மென்பொருளைத் தாமாகவே இழுத்துக்கொள்ளும். அடுத்த நிமிடமே மூன்று லட்சம் பழைய பொத்தான்கள் ஊமையாகிவிடும். மாடிப்படி விளக்குகள், கொட்டகைக் கதவுகள், முதியோர் குடியிருப்புகளில் கட்டில் ஓரத்தில் ஒட்டியிருக்கும் அழைப்புப் பொத்தான்கள். அழுத்துவார்கள், ஒன்றும் நடக்காது.

வாய் திறந்தால் அந்தப் பொத்தான்களைச் செய்த மெர்யாவின் பெயரைச் சொல்ல வேண்டும்.

எஸ்கோ எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார். வெளியே பிப்ரவரி மாதத்து வெளிச்சம் பனிமேல் கூசியது. அவருக்கு அந்த ஹோட்டல் கூடத்தின் வாசனைதான் முதலில் வந்தது. ஈரக் கம்பளிக் காலுறை, காய்ச்சிய ஈயம், காலையிலிருந்து சூடேறிக்கொண்டே இருந்த காபி.

2006 மார்ச்சில் நடந்தது சில்டாவின் மூன்றாவது இணைப்புத் திருவிழா. கடலோர ஹோட்டலின் கூடத்தில் நாற்பது மேஜைகள். மேஜைக்கு ஒரு கம்பெனி. வெளியில் ஒருவர் வாடிக்கையாளரை இன்னொருவர் கொத்திக்கொண்டு போகும் போட்டியாளர்கள். ஹன்னு என்கிற தாடிக்காரர் முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை பித்தளை மணியை அடிப்பார். உடனே பாதிப் பேர் மூட்டை முடிச்சோடு எழுந்து அடுத்த மேஜைக்கு நகர வேண்டும். என் பெட்டி, உன் ஸ்விட்ச். பேசுகிறதா பார். பேசினால் இருவரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட வேண்டும். பேசாவிட்டால் மணி அடிப்பதற்குள் யார் பக்கம் தவறு என்று கண்டுபிடித்துத் திருத்த வேண்டும். யாருடைய சரக்கு தோற்றது என்பது மட்டும் அந்தக் கூடத்தை விட்டு வெளியே போகக் கூடாது. முதலாளியிடம்கூடச் சொல்லக் கூடாது.

என்ன நாட்கள் அவை. தைவானிலிருந்து வந்தவருக்கு யாரோ உப்பு மிட்டாயைக் கொடுத்துவிட்டு, அவர் முகம் போன போக்கைப் பார்த்து நாற்பது மேஜையும் சிரித்தது. அந்த மனிதர் மறுநாள் தன் ஊர்ச் சரக்கு ஒன்றை எடுத்துவந்து பழிவாங்கினார். தன் கம்பெனி தோற்கக் கூடாது என்ற வீம்போடு முதல் நாள் வந்தவர்கள், மூன்றாம் நாள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு எதிராளிக்காக அவர் சரக்கின் தவறைத் தேடிக்கொண்டிருப்பார்கள். ஒரு மூலையில் ஒரு விளக்கு எரிந்தால் கூடம் முழுக்கத் தலை திரும்பும். இன்றைக்கு ஒரு விளக்கு எரிந்தால் யார் திரும்பிப் பார்க்கிறார்கள்?

மூன்றாம் நாள் பிற்பகல் எஸ்கோவின் மேஜைக்கு மெர்யா ஹுக்கனென் வந்தார். ஏழே பேர் கொண்ட கம்பெனியின் முதலாளி, வடிவமைப்பாளர், விற்பனையாளர் எல்லாம் அவர்தான். நாற்பது வயது. குட்டையாக வெட்டிய தலைமுடியில் பென்சில் செருகியிருந்தது. கையில் தீப்பெட்டி அளவு வெள்ளைப் பொத்தான்.

"இதுக்கு ஒயர் கிடையாது. ஒரு பேட்டரி போட்டா பத்து வருஷம் ஓடும்" என்றார்.

"பத்து வருஷமா? எப்படி?"

"தூங்கும். அழுத்தினா மட்டும் எழுந்திருக்கும். என் வீட்டுக்காரர் மாதிரி."

எழுந்திருப்பதுதான் சிக்கலாக இருந்தது. பொத்தானை அழுத்தியதும் எஸ்கோவின் பெட்டி, 'இருக்கிறாயா?' என்று கேட்கும். விதிப்படி நூறு மில்லி செகண்டுக்குள், அதாவது ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள், பதில் வர வேண்டும். வராவிட்டால் செத்துவிட்டது என்று பட்டியலிலிருந்து அடித்துவிடும். மெர்யாவின் பொத்தான் தூக்கம் கலைந்து பதில் சொல்ல முந்நூற்றுச் சொச்சம் எடுத்தது.

"மறுபடி" என்றார் மெர்யா. மறுபடியும் செத்தது. "மறுபடி." பதினோரு தடவை. மணி அடித்துவிட்டது.

மெர்யா நகரவில்லை. "சிப் எல்லாம் ஆர்டர் கொடுத்தாச்சு. நாப்பதாயிரம். திருப்பித் தர முடியாது" என்றார், யாரிடமோ வானிலை சொல்வதுபோல. "மென்பொருளை இன்னும் இறுக்கிப் பாக்கறேன். நாளைக்குக் காலையில ஒரு வாய்ப்புக் குடு."

மறுநாள் காலை சிவந்த கண்களோடு வந்தார். இரவெல்லாம் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். எஸ்கோவும் சும்மா இருக்கவில்லை. காலையில் சீக்கிரமே கூடத்துக்கு வந்து, தன் பெட்டியின் மென்பொருளில் நூறு என்று இருந்ததை நானூறு ஆக்கி வைத்திருந்தார். எதற்கும் இருக்கட்டும், எங்கே மாட்டிக்கொள்கிறது என்று பார்க்க உதவும் என்றுதான் நினைத்தார். அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மெர்யா பொத்தானை அழுத்தினார். விளக்கு எரிந்தது.

மெர்யா விளக்கைப் பார்த்தார். எஸ்கோ திரையைப் பார்த்தார். திரையில் 280 என்று இருந்தது.

"சரியாயிடுச்சா?" என்று கேட்டார் மெர்யா.

"ம்" என்றார் எஸ்கோ.

அவ்வளவுதான். ஓர் எழுத்து. தாளில் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். மெர்யா நாற்காலியில் சாய்ந்து முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். அன்று சாயங்காலம் நீராவிக் குளியல் முடிந்து, தலையிலிருந்து ஆவி பறக்க, எல்லோரும் கடல் ஐஸ் ஓரமாக நெருப்பைச் சுற்றி நின்றார்கள். மெர்யா தன் சாஸேஜைப் பாதியாகப் பிய்த்து எஸ்கோவிடம் கொடுத்தார்.  எஸ்கோ வாங்கிச் சாப்பிட்டார். அப்போது சொல்லியிருக்கலாம். அவ்வளவு நல்ல சாயங்காலத்தை எவன் கெடுப்பான்?

அடுத்த வருடம் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தார். அடுத்த வருடத் திருவிழாவில் மெர்யா மேடையேறி, ஒரே ராத்திரியில் பொத்தானை நூறுக்குக் கீழே கொண்டுவந்த கதையைச் சொன்னார். கூடமே எழுந்து கைதட்டியது. எஸ்கோவும் எழுந்து நின்று தட்டினார். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது?

சில்டா திறந்த மென்பொருள்; எஸ்கோ தன் பெட்டிக்கு எழுதியதும் பொதுத் தொகுப்பில் சேர்ந்தது. எஸ்கோவின் வரிகள் நன்றாக ஓடுகின்றன என்று மற்றக் கம்பெனிகளும் அப்படியே எடுத்துக்கொண்டன. கொரியாக்காரர்கள் எடுத்தார்கள், இத்தாலிக்காரர்கள் எடுத்தார்கள். நானூறும் கூடவே போனது. அதனால் எந்தப் பெட்டியோடு சேர்த்தாலும் மெர்யாவின் பொத்தான் வேலை செய்தது. நாற்பதாயிரம் மூன்று லட்சமானது.

பிற்பகல் ஹன்னு போன் செய்தார். தாடி இப்போது முழு வெள்ளை. வாய் மட்டும் அப்படியே.

"மடல் பாத்தியா?"

"பாத்தேன்."

"உன் பேரு போட்டிருக்கு."

"ஆமா."

"அப்ப பதில் எழுதுடா. இல்ல, பல் டாக்டரை அனுப்பி வாயைத் திறக்கச் சொல்லட்டுமா?"

எஸ்கோ சொன்னார். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக ஒருவரிடம் சொன்னார். நாலே வாக்கியம். 

"நான் மணியடிச்சுக்கிட்டு இருந்திருக்கேன், நீ இப்படி ஒரு வேலை பண்ணியிருக்க."

"ம்."

"மேடையில பேசினாளே அவ. நான்தானேடா மைக் பிடிச்சேன்."

"தெரியும்."

"இப்ப என்ன பண்ணப் போற?"

"காரணம் எழுதினா அவ பேரு வந்துடும். அவ வாழ்க்கையில பெருமையாச் சொல்லிக்கற ஒரு விஷயம் அதுதான். எழுதாம விட்டா மூணு லட்சம் பொத்தான் போயிடும். அதுவும் அவளோடதுதான்."

"யாரோ ஒரு பழைய ஆளு செஞ்ச பழைய பொத்தான்னு பொதுவா எழுதேன்."

"யிட்கா விடமாட்டா. எந்தப் பொத்தான், எத்தனை, யாரு அளந்தான்னு கேப்பா. கேக்கணும். நானா இருந்தாலும் கேப்பேன்."

"அப்ப ஊரே படிக்கறதுக்கு முன்னாடி அவகிட்ட நேர்ல போய்ச் சொல்லு. போன்ல சொல்லாத. போன்ல நீ 'ம்'னு சொன்னா அழுறியா தூங்குறியான்னே தெரியாது."

புதன்கிழமை முழுவதும் எஸ்கோ காரை எடுப்பதற்குக் காரணம் தேடாமல், எடுக்காமலிருக்கக் காரணம் தேடினார். வியாழக்கிழமை காலையில் அதுவும் தீர்ந்துபோனது.

கம்பெனியை விற்றுவிட்டு மெர்யா ஹைலுவோட்டோ தீவில் இருந்தார். கணவர் போய் நாலு வருடம். படகுத்துறையில் எஸ்கோ காரோடு ஏறினார். படகு ஐஸை உடைத்துக்கொண்டு போகும்போது தகரக் கொட்டகையை யாரோ இழுத்துப் போவதுபோல் சத்தம் வந்தது. அரை மணி நேரத்தில் எட்டு விதமாகப் பேச்சை ஆரம்பித்துப் பார்த்தார். எட்டும் சரிப்படவில்லை.

மெர்யா வாசலில் பனி வாரிக்கொண்டிருந்தார். தலைமுடி நரைத்திருந்தது, அதே குட்டை வெட்டு. காரைப் பார்த்து மண்வெட்டியைப் பனியில் குத்தி நிறுத்தினார்.

"எஸ்கோவா? யாரு செத்தா?"

"யாரும் சாகல."

"அப்ப எதுக்கு வந்த? சாவு இல்லாம நீ படகு ஏற மாட்டியே."

"ஒரு விஷயம் பேசணும்."

"நீயா?" மெர்யா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப பெரிய விஷயம்தான். முதல்ல காபி."

ஏலக்காய் ரொட்டியை வெட்டி வைத்தார். எஸ்கோ ஒரு துண்டு சாப்பிட்டார். இரண்டாவது துண்டையும் சாப்பிட்டார். மூன்றாவதை எடுக்கப் போனபோது மெர்யா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"பேசு."

எஸ்கோ பேசினார். எட்டு ஆரம்பங்களில் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. "2006-ல உன் பொத்தான் நூறுக்குக் கீழே வரல. இருநூத்தி எண்பது. நான் என் பெட்டியை நானூறு காத்திருக்க வெச்சேன். உன்கிட்ட சொல்லல. இப்ப அந்த வரியை நீக்கப் போறாங்க, நாளைக்கு மத்தியானம்" என்றார்.

 மெர்யா காபிக் கோப்பையைக் கழுவும் தொட்டியில் வைத்தார். கோபமாக வைத்தாரா சாதாரணமாக வைத்தாரா என்று எஸ்கோவால் சொல்ல முடியவில்லை. பிறகு பின்கட்டு அறைக்குப் போனார். பெட்டிகள் நகரும் சத்தம், எதுவோ விழும் சத்தம். திரும்பி வந்தபோது கையில் மின் துடிப்பைக் கோடாகக் காட்டும் பழைய அலைக்காட்டிக் கருவியும், ஒரு டப்பா நிறைய வெள்ளைப் பொத்தான்களும் இருந்தன.

"என்ன பண்ற?"

"அளக்கறேன். இந்தத் தடவை நான் அளக்கறேன்."

பொத்தானின் முதுகைப் பிரித்து இரண்டு ஊசிகளைத் தொடுத்தார். அறுபது வயது விரல்கள்; நடுக்கமில்லை. அழுத்தினார். பச்சைக் கோடு கொஞ்ச தூரம் தட்டையாகப் போய்ப் பிறகு எழும்பியது. மெர்யா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து படித்தார். 283. இன்னொரு பொத்தான். 279. மூன்றாவது, 286.

"இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட இதை நான் இப்படி அளந்து பாக்கல" என்றார். "சிப்போட வெப்பத்தை அளந்தேன், பேட்டரியை அளந்தேன், மழையில போட்டு அளந்தேன். இதை மட்டும் அளக்கல. ஏன் தெரியுமா? தாள்ல உன் கையெழுத்து இருந்துச்சு."

எஸ்கோ தரையைப் பார்த்தார்.

"என்னைக் காப்பாத்தினதா நெனச்சிட்டிருந்த, இல்ல?"

"ஆமா."

"யாரு கேட்டா?"

எஸ்கோ மேஜைமேல் கிடந்த ரொட்டித் துணுக்குகளை விரலால் கூட்டினார்.

"வாயைத் திறந்து சொல்லு எஸ்கோ. நான் கேட்டேனா? சிப் திருப்பித் தர முடியாதுன்னு சொன்னேன். பொய் சொல்லுன்னு கேட்டேனா?"

"கேக்கல. உன் கண்ணைப் பாத்தேன், அவ்வளவுதான்."

"கண்ணை எதுக்குப் பாத்த? திரையைத்தானே பாத்திருக்கணும்?"

"திரையையும் பாத்தேன். அதான் தப்பு."

மெர்யா சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் போய்த் திரும்பி வந்தார். "நீ அன்னிக்கே இருநூத்தி எண்பதுன்னு சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன் தெரியுமா? அழுதுக்கிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன்னு நெனச்சியா? அந்த நூறு எங்கேருந்து வந்துச்சு? ஒயர் போட்ட ஸ்விட்சை வெச்சு யாரோ எழுதின எண்ணு. தூங்குற பொத்தான் வரும்னு யாருக்கும் அப்பத் தெரியாது. நான் நாப்பது மேஜைக்கு நடுவுல நின்னு, இந்த எண்ணு தப்பு, மாத்துங்கன்னு சண்டை போட்டிருப்பேன். ஜெயிச்சிருப்பேன்."

"ஜெயிச்சிருப்ப" என்றார் எஸ்கோ. முகஸ்துதிக்காகச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்போதுதான் அவருக்கு அது தோன்றியது.

"என் பொத்தானைப் பாத்துட்டு எத்தனை பேரு வந்து கேட்டாங்க, பத்து வருஷ பேட்டரி எப்படின்னு. சொன்னேன். போய்ச் செஞ்சு பாத்தாங்க. நூறுக்குள்ள வரலன்னு விட்டுட்டாங்க. அவங்களுக்குத் திறமை போதலன்னு நெனச்சேன் நான்." மெர்யாவின் குரல் முதன்முறையாகத் தடுமாறியது. "வேகமா முழிக்கிற பொத்தானைச் செஞ்சு வித்தாங்க. ரெண்டு வருஷத்துக்கு ஒரு பேட்டரி. உலகம் பூரா. நீ ஒரு பொத்தானுக்காகக் காத்திருந்த. விதிப் புத்தகம் காத்திருக்கல. புத்தகத்தைப் படிச்சுட்டு வந்தவன் எல்லாம் ஏமாந்தான்."

இதை எஸ்கோ யோசித்ததே இல்லை. பத்தொன்பது வருடமாகத் தான் ஒருத்தியிடம் ஒரு பொய் சொன்னதாகத்தான் கணக்கு வைத்திருந்தார்.

"நான் போறேன்" என்று எழுந்தார். "நாளைக்கு மத்தியானத்துக்குள்ள என் பேர்ல எழுதிடறேன். தப்பு என்னோடதுன்னு."

"உக்காரு."

உட்கார்ந்தார்.

"என் பொத்தானுக்கு நீ யாரு மறுப்பு எழுத? லேப்டாப்பை எடு. கார்ல இருக்குமே, அது இல்லாம நீ கழிப்பறைக்குக்கூடப் போக மாட்டியே."

காரில்தான் இருந்தது. மெர்யா மேஜையின் ஒரு முனையில் உட்கார்ந்து, இரண்டே விரலால் தட்ட ஆரம்பித்தார். எஸ்கோ பின்னால் நின்று படித்தார்.

'1187-ஆம் வரியை நீக்குவதை மறுக்கிறேன். இந்த வரி இல்லாவிட்டால் என் நிறுவனம் 2006 முதல் 2014 வரை செய்த பொத்தான்கள் இயங்கா. அவை பதில் சொல்ல 280 மில்லி செகண்டு எடுத்துக்கொள்கின்றன. இன்று காலை நானே அளந்தேன். நூறுக்குக் கீழே கொண்டுவந்துவிட்டதாக 2007-இல் மேடையில் சொன்னேன். அது உண்மை அல்ல. எனக்கு அப்போது தெரியாது.'

"கடைசி ரெண்டு வரி வேணாமே" என்றார் எஸ்கோ மெதுவாக. "யாரும் கேக்கப் போறதில்ல."

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?"



'அளவு தவறு என்று தெரிந்தும் எஸ்கோ கொர்த்தெலைனன் கையெழுத்துப் போட்டார்' என்று இன்னொரு வரி சேர்த்தார் மெர்யா. "இது வேணுமா வேணாமா?"

"வேணும்."

"நல்லது." பொத்தானை அளந்த மூன்று எண்களையும் கீழே போட்டு, அனுப்பினார். மணி ஒன்றரை.

இருபது நிமிடத்தில் யிட்காவின் பதில் வந்தது. அனுதாபமும் இல்லை, ஆச்சரியமும் இல்லை. 'மறுப்பு ஏற்கப்பட்டது. வரி இருக்கும். "தற்காலிகம்" என்ற சொல்லை எடுத்துவிட்டு உங்கள் காரணத்தைப் பக்கத்தில் எழுதுகிறேன். ஒரு கேள்வி. பத்து வருடம் ஓடும் பேட்டரிக்கு 280 போதும் என்றால், விதியில் ஏன் இன்னும் நூறு இருக்கிறது? யாராவது மாற்றச் சொல்லி முன்மொழிந்தால் முப்பது நாள் விவாதத்துக்கு வைக்கிறேன்.'

எஸ்கோ நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். பொத்தான்கள் பிழைத்துவிட்டன. முதியோர் குடியிருப்பில் இன்று ராத்திரி அழுத்துகிறவருக்கு எதுவுமே தெரியப்போவதில்லை.

மெர்யா அந்தக் கேள்வியை இரண்டாவது தடவை படித்துக்கொண்டிருந்தார். உதட்டோரம் எதுவோ அசைந்தது.

"சின்னப் பொண்ணு. நாலு வரியில கேட்டுட்டா பாரு."

"முன்மொழியப் போறியா?"

"பின்னே? நாலு வருஷமா இந்தத் தீவுல பறவை எண்ணிக்கிட்டு இருக்கேன். வாத்துக்கிட்ட எவ்வளவு நாள்தான் சண்டை போடறது?"

இந்தத் தடவை இருவரும் சேர்ந்து எழுதினார்கள். ஒரு வாக்கியத்துக்கு ஒன்பது நிமிடம் ஆனது. எஸ்கோ நானூறு என்றார், மெர்யா முந்நூறு போதும் என்றார். முந்நூறு என்றால் குளிரில் பேட்டரி சோம்பும்போது தவறிவிடும் என்றார் எஸ்கோ. மெர்யா ஒரு பொத்தானைக் கொண்டுபோய் வாசல் பனியில் புதைத்துவிட்டு வந்தார். கால் மணி நேரம் கழித்துத் தோண்டி அளந்தபோது 340. "சரி, நானூறு" என்று முனகினார். முன்மொழிவு போனது.

மூன்று மணிப் படகை எஸ்கோ தவறவிட்டிருந்தார். அடுத்ததற்கு நேரம் இருந்தது. மெர்யா மறுபடி காபி போட்டு, ரொட்டித் தட்டை மேஜையின் நடுவில் வைத்தார். இரண்டு பேரும் திரையைப் பார்த்தபடி மென்றார்கள்.

முதல் எதிர்ப்பு நாலு மணிக்கு முன்பே வந்துவிட்டது. ஜெர்மனியிலிருந்து. ஒன்பது பத்தி. நானூறு என்பது சோம்பேறித்தனத்துக்குக் கொடுக்கும் உரிமம், இதற்கா நாம் பாடுபட்டோம் என்று முடிந்திருந்தது.

"டீட்மார் ரோல்ஃப்ஸ்" என்று பெயரைப் படித்தார் மெர்யா. "இவனை எங்கேயோ..."

"அஞ்சாம் மேஜை. பூட்டுக் கம்பெனி."

"ஐஸ்ல வெறுங்காலோட நடந்து காமிச்சானே, அவனா?"

"அவனேதான். பெருவிரல்ல கட்டுப் போட்டுக்கிட்டு விமானம் ஏறினான்."

"இன்னும் உயிரோட இருக்கானா." மெர்யா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அன்று முதன்முறையாக அவர் முகம் முழுவதும் மலர்ந்தது. "ஏழாவது பத்தியைப் படி. ஒயர் ஸ்விட்ச் கணக்கையே இன்னும் பேசிட்டிருக்கான். நாற்காலியைக் கிட்டப் போடு எஸ்கோ. நான் சொல்லச் சொல்ல நீ தட்டு, உனக்கு விரல் வேகம். 'அன்புள்ள டீட்மார், உங்கள் கால்விரல் எப்படி இருக்கிறது?' அதுலேருந்து ஆரம்பி."